இரண்டு சம்பந்திகள் கட்டிய ஒரு சேலை

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் வீட்டில் பெண்கள் இரண்டு பேர். வெளியே கட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்த சேலை ஒன்று. அம்மா அதைக் கட்டிக்கொண்டு ஓடைக்குப் போனால் நான் வீட்டுக்குள் இருப்பேன். நான் கட்டிக்கொண்டு கிழங்குக் காட்டுக்குப் போனால் அம்மா வீட்டுக்குள் இருப்பார். உள்ளே இருப்பவருக்குக் கோணிச் சாக்குதான். சாக்கின் அடியில் கழுத்துக்கும் கைகளுக்கும் ஓட்டை போட்டு, தலைவழியாக மாட்டி, இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். வியர்வையில் ஊறினால் அது தோலை அறுக்கும். முதல்முறை சாக்கை மாட்டிக்கொண்டபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை.

சண்டைக்கு முன்னால் அப்பாவும் அம்மாவும் சுங்கைப் பட்டாணிக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார்கள். எனக்கும் பதினைந்து வயதில் கத்தியும் வாளியும் கொடுத்தார்கள். வெள்ளைக்காரத் துரை காரில் ஏறித் தெற்கே போனதோடு ரப்பர் தகடு உலர்த்தும் ஸ்டோரில் புகை நின்றது. பால் வாங்க ஆளில்லை, சம்பளம் இல்லை, கடையில் அரிசி இல்லை. தோட்டத்து லயத்து வீட்டில் உட்கார்ந்திருந்தால் பட்டினிதான் என்று தெரிந்ததும் அப்பா எங்களை அழைத்துக்கொண்டு வெளியேறினார். சிடாம் கிரி என்ற ஊர்ப் பக்கம், தோட்டத்தின் எல்லையில், பால்மரம் நடாமல் விட்டிருந்த ஒரு மேடு இருந்தது. அதை மூவருமாக வெட்டித் திருத்தினோம். அப்பா மூங்கிலும் ஓலையும் கொண்டு ஒரு வீடு கட்டினார். ஆணி கிடையாது, எல்லாம் கொடியால் கட்டியதுதான்.

கடையிலிருந்து ஒன்றும் வராது என்றானபின் வேண்டியதை நாங்களே செய்துகொண்டோம். மரவள்ளிதான் எங்களுக்குச் சோறு. அதை வேகவைத்துத் தின்றோம். மிஞ்சியதைச் சீவிக் காயவைத்து, இடித்து, அந்த மாவில் ரொட்டி தட்டினோம். நடுவில் கொஞ்சம் கேழ்வரகும் வேலியோரம் அவரைக்கொடியும் போட்டிருந்தோம். வாழைமட்டைச் சாம்பலை ஊறவைத்து வடித்த நீரில் தேங்காய் எண்ணெயைக் கலந்து காய்ச்சி அம்மா சவுக்காரம் செய்வார். பார்க்க வெல்லக்கட்டி மாதிரி இருக்கும். ஒரு நாற்றம் உண்டு. ஆனாலும் அழுக்கு போகும். உப்புக்காக அப்பா மற்ற ஆண்களோடு கடற்கரைக்கு நடந்து போய், அங்கேயே தங்கிக் கடல்நீரைக் காய்ச்சி எடுத்துவருவார்.

யாருக்காவது ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் அதையும் கையால்தான் செய்ய வேண்டும். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாவை நாங்கள் மலாய்ப் பழக்கப்படி மக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் கருவாடு கொடுத்தனுப்பினால் அம்மா சவுக்காரக் கட்டியை வாழையிலையில் சுற்றி என்னிடம் கொடுப்பார். அதில் ஒரு மூலை உடைந்திருந்தால்கூடக் கொடுக்க மாட்டார். "நமக்கு ஒடஞ்சதை வச்சுக்குவோம். குடுக்கறது முழுசா இருக்கணும்," என்பார்.

அந்தச் சமயத்தில்தான் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற செய்தி எங்கள் பக்கம் வந்தது. கூடவே இன்னொரு பேச்சும் வந்தது. கல்யாணமான ஆண்களை விட்டுவிடுவார்கள், கல்யாணமான பெண்களைத் தொட மாட்டார்கள் என்றார்கள். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாத் தோட்டத்திலும் அவசர அவசரமாகக் கல்யாணங்கள் நடந்தன. எனக்குப் பதினெட்டு நடந்துகொண்டிருந்தது.

அப்பா உப்புக் காய்ச்சப் போன இடத்தில் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தார். குருண் பக்கத்து ஆள். அவரும் எங்களைப்போலவே தோட்டத்து ஓரத்தில் காடு வெட்டி, விதவையான தன் தாயோடு இருந்தார்.

"நல்ல பையன்தான்," என்றார் அப்பா. "கடைசியா வந்த ஒரு கெழவருக்கு வெறகு கெடைக்கல. இவன் தன்னோட வெறகுல பாதியத் தூக்கிக் குடுத்துட்டு, இன்னொரு ராத்திரி அங்கயே தங்கிக் காய்ச்சினான். எனக்கு அது போதும். நீ என்னா புள்ள சொல்ற?"

"நீங்க பாத்தது சரியாத்தாம்பா இருக்கும்," என்றேன். வேறென்ன சொல்ல எனக்குத் தெரியும்?

மாப்பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். வடக்கே போகும் பெரிய சாலையோரம் சண்டையில் எரிந்துபோன ராணுவ லோரிகள் கிடந்தன. அதில் ஒன்றின் டயரை அறுத்து எடுத்துவந்தார். அதற்கு முன்பே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனபோது, அவர் காலுக்கு நேராக மரவள்ளிக் குச்சியை வைத்து, நீளத்துக்கு ஒன்றும் அகலத்துக்கு ஒன்றுமாக ஒடித்துக்கொண்டு வந்திருந்தார். அந்தக் குச்சிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செருப்பு வெட்டினார். அங்கிருந்து எனக்கு ஒரு சீப்பு வந்தது. மூங்கிலில் மாப்பிள்ளையே செதுக்கியது. பற்கள் ஒன்றுபோல் இல்லை. ஆனால் ஒவ்வொரு பல்லின் நுனியையும் தேய்த்து மழுக்கியிருந்தார். அதைத் தலையில் வைத்துப் பார்த்தபோது, இதுவரை பார்த்திராத அந்த மனிதர்மேல் எனக்கு முதல்முறையாகப் பயம் குறைந்தது.

சேலைக்கு என்ன செய்வதென்று அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் காலை மக்சிக் ஒரு மரத்துண்டையும் பெரிய சட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்தார். மரத்தைச் சீவிக் கொதிக்கவைத்தால் சிவப்புச் சாயம் இறங்கும். அம்மா சாக்கை மாட்டிக்கொண்டு, எங்கள் ஒரே சேலையைச் சட்டியில் முக்கினார். வாங்கியபோது அது பச்சை. அன்றைக்கு அதற்கு நிறம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

"அம்மா, அன்னைக்கு நீங்க என்னத்தைக் கட்டுவீங்க?"

அம்மா குச்சியால் சேலையைப் புரட்டிக்கொண்டே இருந்தார். "எனக்கு உள்ள எவ்வளவு வேல கெடக்கு. நான் எங்க வெளிய வரப்போறேன்?"

"தாலி கட்டறப்பக்கூடவா?"

"ஓலைச் சுவருதானே புள்ள. இடுக்குல எல்லாம் தெரியும்."

மக்சிக்குக்கு எங்கள் பேச்சு புரிந்திருக்க வேண்டும். அவர் அம்மாவின் சாக்கைப் பார்த்தார், தன் சாரோங்கைப் பார்த்தார். அதில் ஒட்டுப் போடாத இடமே இல்லை. அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினார். சேலை காய்ந்தபோது பழுத்த கொய்யாவின் உள்சதை நிறத்தில் இருந்தது. அங்கங்கே திட்டுத்திட்டாகப் பிடித்திருந்தது. நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொன்னால் அம்மாவின் மனசு உடைந்துபோகும் என்று தெரிந்தது.

கல்யாணம் வீட்டு வாசலில் நடந்தது. அப்பா தென்னங்கீற்றில் பந்தல் போட்டிருந்தார். அம்மாவின் தாலித் தங்கம் முதல் வருஷமே அரிசியாகிவிட்டது. அதனால் எனக்கு மஞ்சள் கிழங்குதான் தாலி. கயிறுகூட அம்மா திரித்ததுதான். அன்னாசி இலையைச் சுரண்டி நாரெடுத்து, முறுக்கி, மஞ்சளில் ஊறவைத்திருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் விடிவதற்கு முன்பே கிளம்பி நடந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயாரை, அதாவது என் அத்தையை, அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். ஒல்லியான, உயரமான பெண். பழைய வெள்ளைச் சேலையின் முந்தானையைத் தலையில் போட்டிருந்தார். எல்லாரும் பந்தலுக்குள் வந்து உட்கார, அவர் மட்டும் யாரும் சொல்லாமலே ஒதுங்கி வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். விதவைகள் கல்யாணத்தில் முன்னால் வந்து நிற்க மாட்டார்கள். மகனின் கல்யாணமாக இருந்தாலும் அப்படித்தான்.

உள்ளே நடந்ததை அம்மா எனக்குப் பின்னால் சொன்னார்.

அத்தை பின்வாசல் வழியாக நுழைந்தபோது அம்மா இருட்டு மூலையில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாராம்.

"என்னா சம்பந்தி, இங்கயே நிக்கிறீங்க? பொண்ணு மணையில ஒக்காந்தாச்சே."

அம்மா வெளிச்சத்துக்கு ஓரடி வந்து நின்றார். அத்தை அந்தச் சாக்கைக் கழுத்திலிருந்து முழங்கால்வரை பார்த்தார்.

"பொண்ணு கட்டியிருக்கறது உங்க சேலையா?"

"ஆமா."

அத்தை தன் சேலையை அவிழ்த்து, இரண்டாக மடித்து நடுவைக் கண்டுபிடித்து, ஓரத்தைப் பல்லால் கடித்தார்.

"ஐயோ, வேணாம் சம்பந்தி," என்று அம்மா கையைப் பிடித்தார்.

"வெள்ளைன்னு பாக்கறீங்களா?"

"அதில்ல. உங்களுக்குப் பத்தாதே."

"நான் ஒல்லி. பத்தும்."

துணி கிழிகிற சத்தம் பந்தலில் இருந்த எங்கள் எல்லாருக்கும் கேட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா தலையைத் தூக்கி, "கல்யாண வீட்டுல யாரு துணியக் கிழிக்கறது?" என்றார். அதற்குள் அம்மா வாசலில் வந்து நின்றுவிட்டார். அரைச் சேலையை இடுப்பில் ஒரே சுற்றாகச் சுற்றி, மிச்சத்தை மார்பின் குறுக்கே இழுத்துத் தோளில் செருகியிருந்தார். அவருடைய கை பின்னால் யாரையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"நான் வரக்கூடாது சம்பந்தி. விடுங்க," என்று உள்ளிருந்து அத்தையின் குரல்.

"ரெண்டு பேரும் ஒரே சேலையத்தானே கட்டியிருக்கோம். நான் வரலாம்னா நீங்களும் வரலாம். வாங்க."

அத்தை வாசலுக்கு வந்தார். இருவரும் அரை அரை வெள்ளைச் சேலையில், கால் முட்டிக்குக் கொஞ்சம் கீழேவரை தெரிய, கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பந்தலில் பெரியப்பாதான் எழுந்தார்.

"என்னம்மா இது கூத்து? சுமங்கலி வெள்ளையக் கட்டிக்கிட்டு வர்றதும், வெள்ளையக் கட்டினவங்க மணைக்கிட்ட வர்றதும்... நல்ல காரியம் நடக்கற எடமா இல்லையா?"

அப்பா அதிகம் பேசாதவர். அன்றைக்குக் குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார். "மேளம் இல்ல, தாலியில தங்கம் இல்ல, எலையில சோறு இல்ல. எல்லாம் பரவால்லன்னுதானே வந்தீங்க. இதையும் பரவால்லன்னு ஒக்காருங்க அண்ணே."

பெரியப்பா உட்கார்ந்தார். என் பக்கத்தில் அம்மாவும் மாப்பிள்ளை பக்கத்தில் அத்தையும் நிற்க, அவர் எனக்கு மஞ்சள் கயிற்றைக் கட்டினார். அத்தையும் அட்சதை போட்டார். அரிசி இல்லாததால் அட்சதைக்குக் கேழ்வரகு. அது என் மடியில் மணல் மாதிரி உதிர்ந்தது.

மொய் வைக்க யாரிடமும் காசில்லை. வந்தவர்கள் ஆளுக்கொன்று கையால் செய்து கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் கொட்டாங்குச்சி அகப்பை, ஒருவர் பிரம்புக் கூடை, ஒருவர் மூங்கில் குழாய் நிறைய உப்பு. லயத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த அக்கா ஒரு கட்டு மரவள்ளிக் குச்சியைக் கொண்டுவந்து வைத்து, "இது கசக்காத கெழங்கு. போன ஒடனே நட்டுடு," என்றார். மக்சிக் தாழையோலைப் பாய் ஒன்றை முடைந்து எடுத்துவந்தார். நான் வாங்கத் தயங்கியபோது, "அம்பிலா, அம்பில்," என்று என் மடியில் வைத்து அழுத்தினார். எடுத்துக்கொள், எடுத்துக்கொள் என்று அர்த்தம். பொன்னும் பட்டுமாக நடந்த எத்தனையோ கல்யாணங்களுக்கு அப்புறம் போயிருக்கிறேன். ஆனால் கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் எத்தனை நாள் உட்கார்ந்து செய்திருப்பார்கள் என்று நினைத்து நினைத்துப் பார்த்தது அந்த ஒரு கல்யாணத்தில்தான்.

குருண் பக்கம் போய் அந்தக் குச்சிகளை நட்டோம். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். காலையில் எழுந்ததும் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. அத்தை என்னை வேலை சொல்லி ஏவ மாட்டார்; தானே மண்வெட்டியை எடுப்பார், நான் ஓடிப்போய் வாங்கிக்கொள்வேன். அம்மா மாதத்துக்கொரு தடவை நடந்து வருவார். அவர் தன் பாதிக்குச் சாயம் ஏற்றியிருந்தார். அத்தையுடையது வெள்ளையாகவே இருந்தது. இருவரும் சேர்ந்து குருண் கடைத்தெருவுக்குப் போனால், "அரைச்சேலைச் சம்பந்திங்க வர்றாங்க," என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவர்களும் சிரித்துக்கொள்வார்கள்.

கல்யாணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்பது பொய்யாகப் போனது. ஒரு நாள் தோட்டத்து ஆபீசில் அரிசி கொடுக்கிறார்கள் என்று ஆள் வந்து சொன்னான். என் வீட்டுக்காரர் சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போனார். அரிசி வாங்க வந்த ஆண்களை எல்லாம் அப்படியே லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சொல்லிக்கொண்டு போக வழியில்லை. நானும் அத்தையும் உலையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் காத்திருந்தோம்.

அதற்குப் பிறகுதான் பெரியப்பா பேச ஆரம்பித்தார். "கல்யாணத்தன்னைக்கே வெள்ளையக் கிழிச்சாங்க. எப்படி உருப்படும்?" என்று போகிற இடமெல்லாம் சொன்னார். அது அத்தையின் காதுக்கும் வந்தது. அவர் சண்டை போடவில்லை. அதை நம்பிவிட்டார். கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்தினார். யாராவது வந்தால் பின்பக்கம் போய்விடுவார். "நான் முன்னாடி வந்திருக்கக் கூடாது. எம் பிள்ளைய நானே அனுப்பிட்டேன்," என்று கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டே சொல்வார். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை.

அம்மா வந்தபோது நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா நேராகக் காட்டுக்குள் போய் அத்தைக்கு எதிரே குந்தினார்.

"சம்பந்தி, அன்னைக்கு லோரி நெறைய ஆம்பளைங்க போனாங்களே. அத்தனை பேரு கல்யாணத்துலயும் நான்தான் போய் வெள்ளையக் கட்டிக்கிட்டு நின்னேனா?"

அத்தை மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தெரியல சம்பந்தி," என்றார். அன்று இருவரும் இருட்டும்வரை சேர்ந்து களை எடுத்தார்கள். அத்தையின் மனசு முழுவதும் ஆறியது என்று நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்தார், அவ்வளவுதான்.

சண்டை முடிவதற்குச் சில மாதங்கள் முன்னால் அத்தைக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. மருந்து எங்கும் இல்லை. வேப்பிலையையும் பப்பாளி இலையையும் காய்ச்சிக் கொடுத்தேன். சாக்குகளை எல்லாம் மேலே போட்டு, நானும் பக்கத்தில் படுத்துக்கொள்வேன்; அப்படியும் நடுக்கம் நிற்காது. கடைசியாக நினைவோடு பேசியபோது மகனைப் பற்றிப் பேசவில்லை. "ஓடைப் பக்கத்துக் கெழங்கு முத்திப்போச்சு. நாராகறதுக்குள்ள புடுங்கிடு," என்றார். மறுநாள் போய்விட்டார். அம்மா வந்து குளிப்பாட்டினார். அப்பாவும் அக்கம்பக்கத்து ஆண்கள் இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் காட்டின் மேட்டிலேயே குழி வெட்டினார்கள்.

சண்டை முடிந்து என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். போனவர்களில் பெரும்பாலானவர்கள் வரவில்லை, இவர் வந்தார். குருணில் ரயிலிலிருந்து இறங்கி நடந்து வந்திருக்கிறார். வேலிக்கு அப்பால் ஒரு கிழவர் நிற்பதைப் பார்த்து, யாரோ வழி கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். காலில் பெரிய புண், கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாக இருந்தது. "அம்மா," என்று கூப்பிட்டபோதுதான் குரலை அடையாளம் கண்டேன். அவர் கூப்பிட்டது என்னை அல்ல.

நான் மேட்டைக் காட்டினேன். அவர் அங்கே போய் உட்கார்ந்தார். அழவில்லை. "என்னைப் பத்தி என்னா சொன்னாங்க?" என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்யாணத்தன்று தான் முன்னால் வந்து நின்றதுதான் காரணம் என்று நினைத்து அத்தை வருந்தியதைச் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "சின்ன வயசுலேர்ந்து எத்தன கல்யாணத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போயிருக்காங்க தெரியுமா? ஒண்ணுலயும் முன்னாடி நின்னதில்ல. பின்னாடி பாத்திரம் கழுவுவாங்க. என் கல்யாணத்துலதான் பக்கத்துல வந்து நின்னாங்க. சயாம்ல காய்ச்சல்ல கெடந்தப்ப நான் அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்." பிறகு சொன்னார்: "அத அவங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்."

இதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வந்ததைப் பார்த்த பெரியப்பா அந்த வெள்ளைச் சேலைப் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை. ஆனால் சொன்னது தப்பு என்றும் சொல்லவில்லை.

வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, மறுபடியும் தப்பு மேளம் அடித்து ஆட்களைக் கூப்பிட்டார்கள். தோட்டத்து நிலத்தில் குடிசை போட்டவர்கள் எல்லாம் லயத்துக்கு வந்துவிட வேண்டும் என்று புதுத் துரை உத்தரவு போட்டார். அது தோட்டத்தின் நிலம்தான். எங்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. எடுத்துக்கொண்டு போக முடிந்த கிழங்கைப் பிடுங்கினோம்; மீதி மண்ணிலேயே கிடந்தது. எங்கள் வீட்டை அவரே பிரித்தார். அந்த மேட்டிலும் இளங்கன்றுகளை நட்டார்கள். அத்தையின் இடத்தில் மட்டும் கன்று வைக்காமல் இரண்டடி தள்ளி நடும்படி அவர் கங்காணியிடம் கேட்டுக்கொண்டார். கங்காணியும் விட்டுக்கொடுத்தார்.

மரங்கள் வளர்ந்து வெட்டுக்கு வந்தபோது எங்களுக்கு மூன்று பிள்ளைகள். அந்த மேட்டு வரிசையைத் தனக்கே கொடுக்கும்படி அவர் கேட்டு வாங்கினார். கால் புண் ஆறின பிறகும் அவருக்கு நொண்டல் இருந்தது. மேடு ஏறுவது கஷ்டம். ஆனாலும் வேறு வரிசைக்கு மாற அவர் சம்மதிக்கவில்லை. சில நாள் நானும் கூடப் போவேன். அத்தைக்காக விட்ட அந்த இடைவெளி வந்ததும் அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார். நான் அடுத்த மரத்தில் வெட்டிக்கொண்டிருப்பேன்.